ஐந்து டாலர் நோட்டில் ஒரு பட்டப்பெயர்

கடல் கடந்த பிரெஞ்சுக் குடிகள் – 8

சென்ற இதழில், 1663 முதல் 1673 வரை மன்னர் பதினான்காம் லூயியின் செலவில் கியூபெக்குக்குக் கப்பலேறிய ஏறக்குறைய 770 பெண்களைப் பார்த்தோம். 'அரசரின் மகள்கள்' என்று பெயர் பெற்ற அவர்களைக் கைப்பிடித்தவர்களில் பலர் படைவீரர்கள். அந்தக் கல்யாணங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு என்ன குடும்பப்பெயர் வந்தது? தகப்பன் பெயர்தான், இதில் என்ன கேள்வி என்று தோன்றும். தகப்பனுக்கே இரண்டு பெயர் இருந்தால்?

கனடாவின் ஐந்து டாலர் நோட்டில் பல பதிற்றாண்டுகளாக ஒருவர் முகம் இருக்கிறது. வில்ஃப்ரிட் லோரியே. 1896 முதல் 1911 வரை பிரதமராக இருந்தவர். பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டு அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் மனிதர். ஊர்கள், தெருக்கள், பல்கலைக்கழகம் என்று லோரியே பெயர் அந்நாட்டில் எங்கும் உண்டு. ஆனால் அவருடைய வம்சத்தைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் 17-ஆம் நூற்றாண்டில் லோரியே என்று ஒருவரும் அகப்படமாட்டார். அகப்படுபவர் பிரான்சுவா கோத்தினோ. பிரான்சின் ஆங்குலேம் பக்கத்திலிருந்து வந்து, 1676-இல் மாண்ட்ரியலில் மணம் முடித்தவர். பதிவுகள் அவரை 'கோத்தினோ தி ஷாம்ப்லோரியே' என்கின்றன. தலைமுறைகள் போகப் போகக் கோத்தினோ உதிர்ந்தது, பிறகு ஷாம்ப்பும் உதிர்ந்தது, மிஞ்சியது லோரியே. ஒரு நாட்டின் பணத்தாளில் அச்சாகியிருப்பது ஒரு குடியேறியின் ஒட்டுப்பெயரில் பாதி.

நடுவே நிற்கும் அந்தத் 'தி', நம் பத்திர எழுத்தர்கள் 'முருகேசன் என்கிற சின்னத்தம்பி' என்று எழுதும் 'என்கிற'தான். நம்மூரில் அது ஒருவரோடு முடிந்துவிடும். புதிய பிரான்ஸ் என்று அழைக்கப்பட்ட அந்தக் குடியேற்றத்தில் அது பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்கியது. ஒரு மகன் முன்பாதியை எடுத்துக்கொள்வான், இன்னொருவன் பின்பாதியை. மூன்றாமவன் இரண்டையும் சுமப்பான். இந்த வழக்கம் எப்படி வந்தது, இதைத் தாண்டி மூதாதையரை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதே இந்த வாரக் கதை.

சிப்பாயின் பெயர்

1665-இல் கரின்யான்-சாலியேர் படைப்பிரிவு கியூபெக்கில் வந்திறங்கியது. ஏறத்தாழ 1,200 பேர். பூர்வகுடிகளான இரோகுவா மக்களோடு மோதல் முற்றியிருந்த நேரம். குடியேற்றத்தைக் காக்க வந்த முதல் பெரிய அரசுப் படை அது. சண்டை ஓய்ந்ததும், நிலம் தருகிறோம், இங்கேயே இருந்துவிடுங்கள் என்றது அரசு. சுமார் 400 பேர் தங்கிவிட்டார்கள். 1666-இல் அதிகாரி ழான் தலோன் எடுத்த கணக்கெடுப்பில் குடியேற்றத்தின் மொத்த மக்கள்தொகையே சுமார் 3,200தான். அப்படியானால் இந்த 400 பேர் எவ்வளவு பெரிய கூட்டம் என்று பாருங்கள்.

பிரெஞ்சுப் படையில் சேருகிறவனுக்குப் போர்ப்பெயர் ஒன்று விழும். ஒரே கம்பெனியில் நாலைந்து ழான், அத்தனை பியேர் இருந்தால் யாரை அழைத்தால் யார் வருவது? எனவே ஆளுக்கொரு போர்ப்பெயர். லாஃப்ளேர் என்றால் பூ. சான்சூசி என்றால் கவலையற்றவன். ழோலிகேர் நல்ல மனசுக்காரன். லாதூசேர் சாந்தமானவன், அல்லது அதற்கு நேர்மாறானவன் என்பதால் கிண்டலாக அப்படி அழைக்கப்பட்டவன். த்ரான்ஷ்மோந்தாஞ், மலையையே பிளப்பவன். வாய்ச்சவடால் பேர்வழிக்கு வைப்பது. ஊரை வைத்தும் பெயர் விழும். பிகார்தியிலிருந்து வந்தவன் பிகார், ஆன்ழூவிலிருந்து வந்தவன் லான்ழ்வேன். 1716-இல் வந்த ஓர் அரசாணை, ஒவ்வொரு படைப்பிரிவும் சிப்பாயின் பெயர், போர்ப்பெயர், சொந்த ஊர், வயது, உயரம், அங்க அடையாளம் எல்லாவற்றையும் பேரேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்றது. படையைவிட்டு ஓடுகிறவனைப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. இன்று வம்சம் தேடுகிறவர்களுக்கு அந்தப் பேரேடுகள்தான் கைவிளக்கு.

1668-இல் குடியானவர்களாக மாறிய கரின்யான் வீரர்களின் பட்டியல் ஒன்று எஞ்சியிருக்கிறது. அதில் பெரும்பாலோர் போர்ப்பெயரில்தான் நிற்கிறார்கள். கம்பெனிக்கு ஒரு லாஃப்ளேர் இருந்த காலம் அது. அந்த லாஃப்ளேர்கள் ஒருவருக்கொருவர் உறவில்லை. இன்று கியூபெக்கில் இருக்கும் லாஃப்ளேர் குடும்பங்கள் எல்லாம் ஒரே மரத்துக் கிளைகளும் இல்லை. ஒரே பெயர் என்பதால் பங்காளி என்று நினைத்துவிட்டால் தேடல் முதல் படியிலேயே திசைமாறிப் போகும்.

இதற்கு எதிர்த்திசையில் ஓர் எடுத்துக்காட்டு த்ராம்ப்ளே. கியூபெக்கில் மிக அதிகமானோர் தாங்கும் குடும்பப்பெயர் இது. இவர்கள் எல்லோருக்கும் மூலவர் ஒரே ஆள்: பெர்ஷ் பகுதியிலிருந்து 1647-இல் வந்த பியேர் த்ராம்ப்ளே. 1657-இல் ஓசான் அஷோனை மணந்தார்; 12 பிள்ளைகள். அந்த வம்சம் ஷார்ல்வுவா வட்டாரத்தில் ஒரே இடத்தில் பெருகியபோது வீதிக்கு வீதி த்ராம்ப்ளே ஆகிப்போனது. அப்போது ஊரே மறுபடி ஒட்டுப்பெயர் வைத்தது. 1838-இல் சாகெனே பள்ளத்தாக்கைக் குடியேற்றத்துக்குத் திறந்த 'இருபத்தொருவர் சங்க'த்தின் தலைவர் அலெக்சிஸ் த்ராம்ப்ளே தி பிகோத்தே. பிகோத்தே என்றால் முகத்தில் தழும்புகள் உள்ளவர். படை போய் ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் தேவை மட்டும் அப்படியே இருந்தது. ஆளுக்கு ஆள் வேறுபாடு தெரிய வேண்டும், அவ்வளவே. குலப்பெருமை பேசுவது இதன் நோக்கமல்ல.

நிலத்தின் பெயர்

கொஞ்சம் வசதி வந்தவர்கள் பெயரை நிலத்திலிருந்து எடுத்தார்கள். ஷார்ல் லெ முவான் என்பவர் 1626-இல் தியெப் துறைமுகத்தில் ஒரு சத்திரக்காரர் மகனாகப் பிறந்தவர். கனடாவில் மொழிபெயர்ப்பாளராகவும் வணிகராகவும் உயர்ந்து, 1668-இல் பிரபுப் பட்டம் பெற்றார். அவருடைய பிள்ளைகள் பதினான்கு பேரில் பன்னிருவர் ஆண்கள். வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தால் லோங்கேய், செந்த்-எலேன், இபெர்வில், மரிகூர், செரிஞி, பியென்வில், ஷத்தோகே என்று வேறு வேறு ஆட்களாகத் தெரிவார்கள். அத்தனை பேரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு நிலப்பெயர்.

இன்னும் ஒரு விசித்திரம் இருக்கிறது. மகன்களில் ஒருவரான பிரான்சுவாவுக்குப் பியென்வில் என்ற பெயர் இருந்தது. அவர் 1691-இல் இரோகுவா வீரர்களுடனான சண்டையில் இறந்துபோனார். பெயர் சும்மா கிடக்கவில்லை. தம்பி ழான்-பத்தீஸ்த் அதை எடுத்துக்கொண்டார். 1718-இல் நியூ ஓர்லியன்ஸ் நகரை நிறுவியது இந்த இரண்டாம் பியென்வில். அதேபோல் ஷத்தோகே என்ற பெயரில் இருந்த லூயி 1694-இல் ஹட்சன் விரிகுடாவில் நடந்த முற்றுகையில் மாண்டபோது, அந்தப் பெயர் கடைக்குட்டி அந்த்வானுக்குப் போனது. இறந்தவரின் காணி தம்பிக்குப் போவதுபோல் பெயரும் போயிருக்கிறது. 'பியென்வில்' என்று ஒரு கடிதம் கண்ணில் பட்டால், தேதியைப் பார்க்காமல் யார் எழுதியது என்று சொல்லிவிட முடியாது.

பெயர் மனிதரிடமிருந்து மண்ணுக்குப் போனதும் உண்டு. கரின்யான் படையின் அதிகாரிகளுக்கு ரிஷலியூ ஆற்றோரமும் சென்ட் லாரன்ஸ் ஆற்றோரமும் நிலம் வழங்கப்பட்டது. இன்றைய வரைபடத்தில் சொரேல், ஷாம்ப்ளி, கோந்த்ரகேர் என்று பார்க்கும் ஊர்கள் எல்லாம் அந்தக் கேப்டன்களின் பெயர்கள்.

இல்லாத பிரபு

ஒட்டுப்பெயர் வைத்துக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்றால், துணிந்தவன் எதுவரை போவான்? 1687 ஜூன் 25 அன்று கியூபெக் நகரில் ஒரு கல்யாணம். மணமகன், தான் அந்த்வான் த லா மோத் என்றார். தகப்பனார் காடிலாக் உள்ளிட்ட ஊர்களின் பிரபு, துலூஸ் உயர்மன்றத்தின் ஆலோசகர் என்று பதிவேட்டில் எழுதச் சொன்னார். தாயார் ழான் த மலான்ஃபான் என்றார். வயது சுமார் 26 என்றார்.

பிரான்சின் தென்மேற்கில் சென்-நிக்கோலா-த-லா-கிராவ் என்ற சிற்றூரின் பதிவேடு வேறு கதை சொல்கிறது. பிறந்தது 1658-இல். பெயர் அந்த்வான் லோமே. தகப்பன் ழான் லோமே, அந்த ஊர் வழக்கறிஞர். தாய் ழான் பெஷகூ. பிரபுப் பட்டம் இல்லை, உயர்மன்றப் பதவி இல்லை. வயதிலும் மூன்றைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார். லோமேயை லா மோத் ஆக்கி, பக்கத்து ஊர்ப் பெயர் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, குலச்சின்னம் ஒன்றையும் தனக்கென வரைந்துகொண்டார். கடலைத் தாண்டி வந்து சரிபார்க்க அங்கே யார் இருந்தார்கள்? 1701-இல் டெட்ராய்ட் நகரை நிறுவினார். பிற்பாடு லூயிசியானாவின் ஆளுநரும் ஆனார். அதே டெட்ராய்ட்டில் 1902-இல் தொடங்கிய கார் நிறுவனம் அவர் நினைவாகக் காடிலாக் என்று பெயர் வைத்துக்கொண்டு, அவருடைய சின்னத்தையும் எடுத்துக்கொண்டது. அந்தக் காரின் முகப்பில் பல காலம் மின்னியது, ஒரு சிற்றூர் வழக்கறிஞர் மகன் கற்பனையில் உதித்த பிரபுத்துவம்.

காடிலாக்கின் புளுகு எப்படி வெளிப்பட்டது? அவர் சொன்ன பெயரைத் தேடியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிறந்த ஊரின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் கனடாவின் கல்யாணப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை வந்தது. இந்தப் பதிவேடுகளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

பங்குக்குருவின் பேரேடு

1539-இல் மன்னர் முதலாம் பிரான்சுவா வில்லேர்-கோத்ரே என்ற இடத்தில் பிறப்பித்த ஆணை, ஒவ்வொரு பங்குக்குருவும் ஞானஸ்நானங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. 1579-இல் புளுவா ஆணை கல்யாணத்தையும் அடக்கத்தையும் சேர்த்தது. 1667-இல் வந்த ஆணைதான் முக்கியம். எல்லாப் பதிவுகளையும் இரண்டு படிகளாக எழுதி, ஒன்றைக் கோயிலில் வைத்து, மற்றதை நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒன்று எரிந்தாலும் மற்றது இருக்கும். கியூபெக்கில் இந்த ஏற்பாடு மிக நீண்டகாலம் நின்றது. 1994-இல்தான் பிறப்பு, திருமணப் பதிவை அரசு முழுமையாகத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

இரண்டாம் படி இல்லாத காலத்தின் ஆபத்தைக் கியூபெக் முன்பே கண்டிருந்தது. 1640 ஜூனில் நகரத்துக் கோயில் எரிந்தது. 1621 முதலான பதிவுகளும் சேர்ந்து சாம்பலாயின. குருக்கள் மக்களைக் கூப்பிட்டு, உன் பிள்ளை எப்போது பிறந்தது, யார் ஞானத்தகப்பன் என்று விசாரித்து, ஞாபகத்திலிருந்து ஒரு புதிய பேரேட்டை எழுதினார்கள். சிறிய குடியேற்றம் என்பதால் அது முடிந்தது.

அந்தச் சிறிய குடியேற்றத்தில் எழுதத் தெரிந்தவர்கள் எவ்வளவு குறைவு என்பதைக் காட்ட ஒரு தாள் இருக்கிறது. 1636 ஜூலை 27. ரொபேர் துரூவேன் என்பவருக்கும் ஆன் குளூத்தியேவுக்கும் நடந்த கல்யாண ஒப்பந்தம். புதிய பிரான்சில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கல்யாண ஒப்பந்தம் இதுதான். நோட்டரி கிடைக்காததால் இதை எழுதியவர் ழான் கியோன், தொழிலில் கொத்தனார். பெண்ணின் தகப்பன் சக்காரி குளூத்தியே தச்சர், எழுதத் தெரியாதவர். தம் கையெழுத்தாக அவர் போடுவது ஒரு கோடரிப் படம். கியோனும் குளூத்தியேயும் பெர்ஷ் பகுதியிலிருந்து 1634-இல் ஒன்றாக வந்தவர்கள்.

கியோன் வம்சத்தைப் பாருங்கள். மகன்களில் ஒருவர் துப்யூசான் என்ற நிலப்பெயரைச் சேர்த்துக்கொண்டார், இன்னொருவர் துரூவ்ரே, மற்றொருவர் தேப்ரே. கியோனாகவே இருந்துவிட்ட தெனி என்பவரின் மகள்தான் மரி-தெரேஸ். காடிலாக்கைக் கைப்பிடித்த மணப்பெண் அவள். ஆக, அந்தப் போலிப் பிரபு வாழ்க்கைப்பட்டது ஒரு கொத்தனாரின் பேத்தியோடு. அதே வம்சத்தின் வேறு கிளைகளில் கியோன் என்ற ஒலி ஊர்ப் பேச்சில் நெகிழ்ந்து டியோன் ஆகிவிட்டது. குரு காதில் விழுந்தபடி எழுதினார், அப்படியே நிலைத்தது. பாடகி செலின் டியோனின் குடும்பப்பெயருக்கு வேர், கோடரிப் படம் போடும் நண்பருக்காக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த அந்தக் கொத்தனார்.

பதிவேட்டின் அருமை அறிந்தவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும்போதும் அதை விடவில்லை. 1755-இல் ஆங்கிலேயர் அகாடியாவின் பிரெஞ்சுக் குடிகளை ஊரைவிட்டுத் துரத்தியபோது, கிரான்-பிரே ஊரின் பதிவேடுகளை அவர்கள் கூடவே கொண்டுபோனார்கள். மேரிலாந்து வழியாக லூயிசியானா வரை அவை பயணம் செய்தன. லெப்லான், லாந்த்ரி, புத்ரோ குடும்பங்கள் இன்று தங்கள் வேரைக் கண்டெடுக்க அந்த ஏடுகள் உதவுகின்றன. குடும்பங்கள் சில, ஆட்கள் பலர் என்றிருந்த அகாடியாவில் இன்னொரு வழக்கமும் உண்டு: 'பியேரின் மகன் ழானின் மகன் போல்' என்று தகப்பன், பாட்டன் வரிசையைச் சேர்த்துச் சொல்லி ஆளை அடையாளம் காட்டுவது.

மாறாத பெயர் பெண்ணுடையது

ஆண்களின் பெயர்கள் இப்படிக் கட்சி மாறிக்கொண்டே இருக்க, இந்தப் பதிவேடுகளில் அசையாமல் நிற்பது பெண்ணின் பெயர். பிறந்த வீட்டுப் பெயரோடு ஞானஸ்நானம். அதே பெயரில் கல்யாணம். தன் ஒவ்வொரு பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவிலும் அதே பெயர். நோட்டரியிடம் நிலம் விற்கும்போதும் அதே பெயர். கடைசியில் 'இன்னாரின் விதவை' என்று அடக்கம் செய்யும்போதும் அதே பெயர். வெளியில் கணவன் பெயரால் அழைத்தாலும் பதிவில் அவள் தகப்பன் வீட்டுப் பெயர் போகாது. 19, 20-ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கில வழக்கத்தின் சாயல் பட்டு, கணவன் பெயரில் புழங்குவது கியூபெக்கிலும் பரவியது. 1981 ஏப்ரலில் வந்த சட்டம், மணமானாலும் பெண் பிறந்த பெயரிலேயே தன் சட்ட உரிமைகளைக் கையாள வேண்டும் என்று மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவந்தது.

கல்யாணப் பதிவு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் அதில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், இருவரின் தகப்பன், தாய், தாய்க்குப் பிறந்த வீட்டுப் பெயர், எந்தப் பங்கு, எந்த மறைமாவட்டம், எத்தனை ஞாயிறு ஓலை வாசித்தார்கள், சாட்சிகள் யார், கையெழுத்துப் போடத் தெரியுமா. நான்காம் தலைமுறை வரை இரத்த உறவு இருந்தால் மணம் முடிக்கத் திருச்சபையின் விலக்கு வேண்டும். அந்த விலக்கு தரப்பட்டிருந்தால் அதுவும் எழுதப்படும். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரு பூட்டனோ பூட்டியோ பொதுவாக இருக்கிறார்கள் என்று அந்த ஒரு வரி சொல்லிவிடும். காணாமற்போன பதிவுகளின் ஓட்டையை இந்த விலக்குக் குறிப்புகளை வைத்தே அடைத்திருக்கிறார்கள்.

எனவே இத்துறையில் பழகியவர்கள் முதலில் தேடுவது பிறப்புப் பதிவையல்ல, கல்யாணப் பதிவை. ஒரு ஆணின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் இந்த ஆணும் இந்தப் பெண்ணும் சேர்ந்த இணை ஒன்றுதான் இருக்கும். கோத்தினோ என்று ஒரு பிள்ளையின் பதிவு, ஷாம்ப்லோரியே என்று அடுத்த பிள்ளையின் பதிவு என்று இருந்தாலும், இரண்டிலும் தாய் மதலேன் மிலோ என்று இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. அவள் வழியில் ஏறினால் லோரியேயின் வம்சம் இன்னும் மேலே போகிறது. அவளுடைய தாய் ழான் எபேர். அந்த ழானின் தகப்பன் ஓகுஸ்தேன் எபேர், 1642-இல் நிறுவப்பட்ட மாண்ட்ரியலின் முதல் குடியேறிகளில் ஒருவர். தகப்பன் வழி மட்டும் பார்த்திருந்தால் கனடாவில் 1670-களோடு நின்றிருக்கும் கதை இது.

பெயர் எழுதப்படாதவர்கள்

இந்தப் பேரேடுகளில் குடும்பப்பெயரே இல்லாமல் வருகிறவர்களும் இருக்கிறார்கள். புதிய பிரான்சில் அடிமைகள் இருந்தார்கள் என்பதைப் பலர் அறியமாட்டார்கள். வரலாற்றாசிரியர் மார்சேல் துருதேல் பதிவேடுகளையும் நோட்டரி ஏடுகளையும் சலித்து 4,000-க்கும் மேற்பட்ட அடிமைகளை இனங்கண்டார். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பூர்வகுடிகள். மற்றவர்கள் ஆப்பிரிக்க வம்சத்தினர். ஞானஸ்நானத்தில் மரி என்றோ ழோசெஃப் என்றோ ஒரு பெயர்; அதற்குப் பின் எழுதியிருப்பது எஜமானரின் பெயர், 'இன்னாருக்குச் சொந்தமானவர்' என்று.

1734 ஏப்ரலில் மாண்ட்ரியலில் மூண்ட தீயில் 40-க்கும் மேற்பட்ட வீடுகளும் மருத்துவமனையும் எரிந்தன. தீ வைத்தாள் என்று குற்றஞ்சாட்டி, அதே ஆண்டு ஜூனில் தூக்கிலிடப்பட்டவள் மரி-ழோசெஃப் அஞ்செலிக். போர்த்துகீசிய மண்ணில் பிறந்து, விற்கப்பட்டு, கனடா வந்த அடிமைப்பெண். நீதிமன்ற ஏடுகள் அவளைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. அவளுக்கென ஒரு குடும்பப்பெயர் அவற்றில் இல்லை. தகப்பன் தாய் பெயர் எழுதப்படாத இடத்தில் பின்னோக்கிப் போகும் பாதை அறுந்துவிடுகிறது. காடிலாக்குக்கு இரண்டு தகப்பன்மார் பதிவாகியிருக்கும் அதே பேரேடுகளில் இவளைப் போன்றவர்களுக்கு ஒருவர்கூட இல்லை.

உதிர்ந்த பாதி, நின்ற பாதி

1794 ஆகஸ்டில் பிரெஞ்சுப் புரட்சி அரசு ஒரு சட்டம் போட்டது: பிறப்புப் பதிவில் உள்ளதைத் தவிர வேறு பெயரைக் குடிமகன் எவரும் தாங்கக் கூடாது. பிரான்சில் ஒட்டுப்பெயர்களின் காலம் அதோடு முடிந்தது. ஆனால் கனடா 1763-இலேயே ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. அந்தச் சட்டம் கடலைத் தாண்டவில்லை. தாய்நாட்டில் செத்துப்போன வழக்கம் பழைய குடியேற்றத்தில் இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் தாராளமாக வாழ்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகே, அலுவலகங்களும் பள்ளிகளும் ஒருவருக்கு ஒரு பெயர் என்று வற்புறுத்த, குடும்பங்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தன. எதை எடுப்பது என்பதற்கு விதி ஏதும் இல்லை. உடன்பிறந்தோரே வெவ்வேறு பாதிகளை எடுத்தார்கள்.

அப்படி நின்ற பாதிகளில் ஒன்று கியூபெக்கின் தெருமுனைதோறும் தெரியும். பர்கண்டியின் ழுவாஞி ஊரில் பீப்பாய் செய்யும் குடும்பத்தில் பிறந்த அந்த்வான் ருவா, 1665-இல் கரின்யான் படையோடு வந்தவர். ஒட்டுப்பெயர் தேழார்தேன், தோட்டங்கள் என்று பொருள். 'அரசரின் மகள்'களில் ஒருத்தியான மரி மழோரை 1668-இல் மணந்தார். ஒரே ஒரு மகன், பியேர். 1684-இல் லாஷீன் ஊரில், தன் மனைவியோடு அவரைக் கண்ட ஒருவன் அங்கேயே கொன்றுபோட்டான். வழக்கு மன்றத்துக்குப் போனது. அவர் முடிவு நமக்குத் தெரிய வந்தது அதனால்தான். அந்த ஒற்றை மகன் வழியாக வம்சம் பெருகியது. 1854-இல் லெவி நகரில் பிரான்சுவா ருவா தி தேழார்தேனுக்கும் கிளாரிஸ் மிவில் தி தெஷேனுக்கும் ஒரு மகன் பிறந்தான்; தகப்பனுக்கும் தாய்க்கும் இரட்டைப் பெயர். பையன் வளர்ந்தபோது ருவா உதிர்ந்திருந்தது. அவர் அல்ஃபோன்ஸ் தேழார்தேன். 1900 டிசம்பரில் லெவியில் முதல் மக்கள் கூட்டுறவுச் சேமிப்பகத்தைத் தொடங்கினார். மறு மாதம் நடந்த முதல் வசூல் 26 டாலர் 40 சென்ட். இன்று அது கனடாவின் மிகப் பெரிய கூட்டுறவு நிதி அமைப்பு. லட்சக்கணக்கானோரின் வங்கி அட்டையில் இருப்பது கொலையுண்ட அந்தச் சிப்பாயின் ஒட்டுப்பெயர்.

பெயர்களுக்கு இன்னொரு கண்டமும் இருந்தது. 1840 முதல் 1930 வரை ஏறக்குறைய 9 லட்சம் பிரெஞ்சுக் கனடியர்கள் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குப் போனார்கள். பெரும்பாலோர் நியூ இங்கிலாந்தின் பஞ்சாலைகளுக்கு. அங்கே லெப்லான் ஒயிட் ஆனார், ருவா கிங் ஆனார், புவாவேர் கிரீன்வுட் ஆனார். பாட்டன் பெயர் கிங் என்று தேடினால் கியூபெக்கில் என்ன கிடைக்கும்?

அந்தப் பஞ்சாலை ஊர்களில் ஒன்றான லோவெல்லில் 1922-இல் பிறந்தவர் எழுத்தாளர் ஜாக் கெரவாக். தம் மூதாதை பிரிட்டனி பிரபு வம்சம், லெப்ரி த கெரவாக் என்று குடும்பத்தில் சொல்லி வந்தார்கள். 1965-இல் பிரான்சுக்குப் போய் நூலகங்களில் தேடினார்; ஒன்றும் அகப்படவில்லை. அந்தப் பயணத்தையே அடுத்த ஆண்டு ஒரு புத்தகமாக்கினார். அவர் இறந்த பிறகு ஆய்வாளர்கள் முடிச்சை அவிழ்த்தார்கள். 1732-இல் காப்-செந்-இஞாஸ் பங்கில் லுயீஸ் பெர்னியேயை மணந்த அந்த மூதாதை, உண்மையில் ஊர்பேன்-பிரான்சுவா லெ பியான் த கெர்வோவாக். யுல்குவா ஊர் நோட்டரியின் மகன். கனடாவில் பெயரை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வாழ்ந்தவர். கெரவாக் தேடிய லெப்ரி, மூதாதை கடல் தாண்டியபின் சூடிக்கொண்ட பெயர்.

தம்பதியைத் தொடர்ந்து

இவ்வளவு சிக்கலுக்கு இடையிலும், உலகில் மிக முழுமையாக வம்சம் காணக்கூடிய மக்களில் பிரெஞ்சுக் கனடியர் முன்வரிசையில் இருக்கிறார்கள். சிப்ரியன் தாங்கே என்ற குரு பங்கு பங்காகப் பதிவேடுகளைப் பார்த்து எழுதிய வம்ச அகராதி, 1871 முதல் 1890 வரை 7 தொகுதிகளாக வெளிவந்தது. 1966-இல் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மக்கள்தொகை வரலாற்று ஆய்வுத் திட்டம், பிரெஞ்சு ஆட்சிக்கால ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் அத்தனையையும் கணினியில் கோத்து, குடும்பம் குடும்பமாகத் திரும்பக் கட்டியது. பிரெஞ்சு ஆட்சியில் நிலையாகக் குடியேறியவர்கள் சுமார் 10,000 பேர். 1760-இல் மக்கள்தொகை ஏறக்குறைய 70,000. இந்த அளவு சிறிய தொடக்கம் என்பதால் அது கைகூடியது.

அந்தக் கணினிக் கோப்புகளிலும் அலகு தனிமனிதப் பெயரல்ல, தம்பதி. சிப்பாய் வைத்த பெயர், நிலம் தந்த பெயர், தானே கட்டிக்கொண்ட பெயர், குரு காதில் விழுந்த பெயர் எல்லாம் மாறக்கூடியவை; யார் யாரை மணந்தார்கள் என்பது மாறாது. குடும்பப்பெயரை வம்சத்தின் திறவுகோல் என்று நம்பித் தேடப் புறப்பட்டவர்கள் இங்கே கற்றுக்கொண்டு திரும்புவது இதைத்தான்: பெயர் தகப்பன் வழியில் இறங்கியிருந்தாலும், அதைச் சரிபார்த்துக் கொடுப்பது தாயின் பெயர்.

கனடாவின் குடியானவனுக்குப் பெயர் கூடிப்போனது சிக்கல். அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ் கரீபியன் தீவுகளில் சிக்கல் நேர்மாறானது. 1848-இல் அடிமைமுறை ஒழிந்தபோது, மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் குடும்பப்பெயரே இல்லாத பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் குடிமக்கள் ஆனார்கள். அதிகாரிகள் பேரேட்டை விரித்து ஆளுக்கொரு பெயர் எழுதினார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, 1854 டிசம்பர் இறுதியில், தென்னிந்தியக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் குவாதலூப்பில் நங்கூரம் போட்டது. ராமசாமி என்ற ஒருவருடைய சொந்தப் பெயர் அங்கே அவர் பேரப்பிள்ளைகளின் குடும்பப்பெயரானது எப்படி?

அடுத்த இதழில்.